தூரம் வேறு, நேரம் வேறு

சரக்கு எப்போது வரும் என்று கணக்குப் போடும்போது நம்மில் பலர் முதலில் பார்ப்பது கிலோமீட்டரைத்தான். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. கடைக் கணக்குக்கு அது போதுமா? உலகிலேயே மிகக் குறுகிய விமானப் பாதையை வைத்தே பார்த்துவிடுவோம்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி என்ற தீவுக் கூட்டம் உள்ளது. அதில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரு தீவுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டிலும் சிறு விமான நிலையம் உண்டு. 1967இல் லோகன்ஏர் நிறுவனம் இப்பாதையில் விமானம் விடத் தொடங்கியது. தூரம் 2.7 கி.மீ. அட்டவணைப்படி நேரம் 2 நிமிடம். காற்று சாதகமாக இருந்தபோது 53 விநாடியிலேயே போய் இறங்கியதும் உண்டு.

2 நிமிடத்தில் 2.7 கி.மீ. என்றால் மணிக்கு 81 கி.மீ. நல்ல சாலையில் கார் போகும் வேகம்தான். ஆனால் அங்கே பறக்கும் 'ஐலாண்டர்' விமானம் மணிக்குச் சுமார் 240 கி.மீ. வேகத்தில் செல்லக்கூடியது. அதே ஆர்க்னியின் தலைநகரான கிர்க்வாலிலிருந்து வெஸ்ட்ரேக்கு 40 கி.மீ.க்குச் சற்று அதிகம். நேரம் சுமார் 15 நிமிடம். அங்கே சராசரி வேகம் 160 கி.மீ.க்கு மேல் வந்துவிடுகிறது. ஹவாயில் ஹொனலுலுவுக்கும் கஹுலுயிக்கும் இடையே சுமார் 160 கி.மீ.; ஜெட் விமானத்துக்கு அட்டவணையில் ஏறக்குறைய 40 நிமிடம் போடுகிறார்கள். சராசரி 240 கி.மீ. ஜெட்டின் முழு வேகமோ இதைப்போல் மூன்று மடங்கு!

காரணம் எளியது. ஓடுபாதைக்கு நகர்வது, மேலே ஏறுவது, வேகம் குறைத்து இறங்குவது ஆகிய வேலைகள் தூரம் எவ்வளவானாலும் இருந்தே தீரும். தூரம் குறையக் குறைய இந்த நிலையான நேரமே மொத்தத்தையும் விழுங்கிவிடும். கடை வாடகை, வியாபாரம் குறைந்த மாதத்தில் லாபத்தை விழுங்குவது போலத்தான் இதுவும்.

காற்றின் கணக்கும் உண்டு. 240 கி.மீ. தூரத்தை 240 கி.மீ. வேகத்தில் போய் வர 120 நிமிடம் ஆகும். 40 கி.மீ. வேகக் காற்று போகும்போது எதிர்த்தால் 72 நிமிடம். வரும்போது தள்ளிவிட்டால் 51 நிமிடம். மொத்தம் 123. போனதில் இழந்ததை வந்ததில் முழுதாக மீட்க முடியவில்லை. மூடுபனி இறங்கிவிட்டாலோ, 2 நிமிடப் பயணம் மறுநாளைக்குத் தள்ளிப்போகும்.

எடையைப் பார்ப்போம். ஐலாண்டர் தன் எடை, எரிபொருள், ஆட்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 3 டன்னோடுதான் கிளம்ப முடியும். ஆசிரியர், மருத்துவர், மாணவர் போக அது உதவும். அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் போக உதவாது. மளிகைக்குக் கப்பல்தான் கதி. வெஸ்ட்ரேக்குக் கிர்க்வாலிலிருந்து கப்பல் சுமார் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே அத்தீவின் கடைக்காரர் கப்பல் வரும் கிழமையைப் பார்த்துத்தான் இருப்பு வைக்க வேண்டும். வானத்தில் 2 நிமிடம் என்பது அவர் கல்லாவுக்குப் பயன்படாது.

நமக்கு இதில் என்ன படிப்பினை? பக்கத்து ஊர் மொத்த வியாபாரி என்பதால் சரக்கு உடனே வரும் என்று எண்ணி இருப்பைக் குறைத்தால், லோடு சேரும்வரை அலமாரி காலியாகும். தூரத்துச் சரக்கு என்று பயந்து அளவுக்கு மேல் வாங்கினால் முதல் முடங்கும். ஆர்டர் சொன்ன தேதி, சரக்கு இறங்கிய தேதி இரண்டையும் ஒரு நோட்டில் பொருள்வாரியாக எழுதி வாருங்கள். ஏற்ற, காத்திருக்க, இறக்க ஆகும் நேரம் எல்லாம் அதில் தானாகச் சேர்ந்துவிடும். மூன்று மாதம் எழுதினால், ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை நாள் இருப்பு தேவை என்பதை அந்த நோட்டே சொல்லும்.