மலாக்காத் தமிழ்ப் பெற்றோரும் தனியார் பாலர் பள்ளியும்

மலாக்கா மாநிலத்தில் முதலாம் ஆண்டுக்கு முந்தைய பிள்ளைகளுக்கு அரசு சார்ந்த பாலர் பள்ளிகள் மூன்று வகை: கல்வி அமைச்சு சில தமிழ்ப்பள்ளி வளாகங்களிலேயே நடத்தும் பாலர் வகுப்பு, சமூக மேம்பாட்டுத் துறையான கெமாஸின் பாலர் பள்ளி, ஒருமைப்பாட்டுத் துறையின் பாலர் பள்ளி. இவற்றில் செலவு மிகக் குறைவு. அப்படியிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் பல மாதக் கட்டணம் கட்டித் தனியார் பாலர் பள்ளியை நாடுகின்றன.

முதல் காரணம் வேலை நேரம். ரப்பர்த் தோட்டக் காலத்தில் விடியுமுன் பால்மரம் வெட்டப் போகும் தாய், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வாள். தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, குடும்பங்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தன, கொட்டகையும் மறைந்தது. இன்று தாய் பத்து பெரெண்டாம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்கோ, ஆயர் கெரோவில் கடை வேலைக்கோ போகிறாள். அரசு பாலர் வகுப்பு ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். மதியத்துக்குப் பின் பிள்ளையை யார் பார்ப்பது? சோறு போட்டு, தூங்க வைத்து, மாலை வரை வைத்திருக்கும் தனியார் நிலையம் அந்தக் கவலையைத் தீர்க்கிறது. பாட்டி உடன் இல்லாத வீட்டில் பாடத்திட்டத்தைவிட இதுவே பெரிது. அதில் குறை காண ஒன்றுமில்லை.

அடுத்தது இடமும் தூரமும். கல்வி அமைச்சின் ஒரு வகுப்பில் 25 பிள்ளைகள்தான் சேரலாம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு முன்னுரிமை உண்டு. இடம் கிடைக்காதவர்களுக்கும், ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் குடியிருப்பவர்களுக்கும், வேன் வந்து ஏற்றிப்போகும் பள்ளி எதுவோ அதுவே தேர்வாகிவிடுகிறது.

மொழிதான் மனத்தை அதிகம் அலைக்கழிப்பது. கெமாஸ் வகுப்பில் பெரும்பாலும் மலாய்ப் பிள்ளைகளே இருப்பதால், தம் பிள்ளை தனித்துப் போகுமோ என்று தயங்குவோர் உண்டு. தனியார் நிலையங்களில் பல ஆங்கிலத்தை முன்னிறுத்துகின்றன; தமிழர் நடத்தும் சில, தமிழையும் சேர்த்துக் கற்பிக்கின்றன. இந்தத் தேர்வின் விளைவு பாலர் பள்ளியோடு நிற்பதில்லை. தமிழ் எழுத்தையே காணாமல் இரண்டு ஆண்டு கழித்த பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்க்கப் பெற்றோர் அஞ்சுகிறார்கள். 150 மாணவருக்கும் குறைவான தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு, இப்படி விலகிப் போகும் ஒவ்வொரு பிள்ளையும் பேரிழப்பு.

முதலாம் ஆண்டுக்குள் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும் என்ற பயமும் சேர்கிறது. அதனால் தினமும் பயிற்சித்தாள் கொடுத்தனுப்பும் இடம் நல்ல இடம் என்று பெயர் எடுக்கிறது. 2010இல் வந்து 2017இல் திருத்தப்பட்ட தேசியப் பாலர் பள்ளிப் பாடத்திட்டமோ விளையாட்டின் வழி கற்பதையே வலியுறுத்தியது. பெயர்ப்பலகையில் உள்ள ‘மாண்டிசோரி’ என்ற சொல்லும் பலரை ஈர்க்கிறது. மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்கு நேரடியாகப் பயிற்சி தந்தவர். அவருடைய முறையில் தேர்ந்த ஆசிரியர் இல்லாத இடத்தில் அந்தப் பலகைக்கு மதிப்பில்லை.

கட்டணம் பலருக்குச் சுமை. வருமானம் குறைந்த இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, மலேசிய இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ரா வழியாகத் தனியார் பாலர் பள்ளிக் கட்டண உதவி வழங்கப்பட்டிருக்கிறது. ஆனால் பதிவு பெற்ற நிலையங்களே இத்தகைய உதவியில் சேர முடியும்.

பெற்றோர் மிகக் குறைவாக விசாரிப்பது ஆசிரியரைப் பற்றித்தான். பிள்ளையின் வளர்ச்சியைத் தீர்மானிப்பவரோ அவர்தான். 2013–2025 கல்விப் பெருந்திட்டம் பாலர் பள்ளி ஆசிரியருக்குக் குறைந்தது டிப்ளோமா தகுதியை இலக்காக வைத்தது. சம்பளம் குறைவான நிலையங்களில் ஆசிரியர்கள் அடிக்கடி மாறுவார்கள்; ஆண்டில் இரண்டு மூன்று முகங்களைப் பார்க்கும் பிள்ளை யாரிடமும் ஒட்டாது.

நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பராமரிப்பு மையம் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூக நலத் துறையிடமும், பாலர் பள்ளி 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி கல்வி அமைச்சிடமும் பதிவு பெற வேண்டும். ஒரே கூரையின்கீழ் இரண்டும் நடந்தால் இரண்டு சான்றிதழ்களும் தேவை. பணம் கட்டுமுன் அவற்றைக் காட்டச் சொல்லுங்கள். ஆசிரியர் எத்தனை ஆண்டாக அங்கே இருக்கிறார் என்றும் கேளுங்கள்.