ஒரு ராத்திரி டென்ட்டுக்கு ஆறு மாச ஈஎம்ஐயா?

ஆவடி, அம்பத்தூர் மக்களே, ஜனவரியில பழவேற்காட்டுல கேம்பிங் போடலாம்னு ஐடியாவா? நல்ல சீசன்தான், பூநாரைகள் வந்திருக்கும். ஆனா டென்ட்டை ஈஎம்ஐ-ல வாங்கிடாதீங்க. வருஷத்துல ரெண்டு ராத்திரி விரிப்பீங்க, மீதி நாள் பரண்லதான். வாடகைக்கு எடுங்க. நாலு பேர் தலைக்கு மாசம் 500 ரூபாய், அக்டோபர்ல இருந்து மூணு மாசம் போட்டா 6,000 கையில இருக்கும். சென்ட்ரல்ல மாறி பொன்னேரிக்கு மின்சார ரயில், அங்கிருந்து பஸ். பெட்ரோல் மிச்சம்.

அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்: அது பறவைகள் சரணாலயம். கரையில தங்க முடியுமான்னு வனத்துறைகிட்ட கேளுங்க. முடியாதுன்னா பகல்ல சுத்திட்டு சாயங்காலம் திரும்பிடுங்க, செலவு பாதிதான் ஆகும்.

படகுக்கு பட்ஜெட்டே போடாதீங்க. 2011 டிசம்பர் 25 அன்னிக்கு இங்க படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தாங்க. யாராவது கரையில நின்னு 'தலைக்கு இருநூறு, வாங்க'ன்னு கூப்பிட்டாலும் ஏறாதீங்க.