கணிப்பொறிக்கு இரண்டு மதகுகள்

அணையில் நீர் எவ்வளவு இருப்பினும் வாய்க்காலில் பாயும் அளவை மதகே தீர்மானிக்கும் என்பதை, சண்முகாநதி அணையை அறிந்த ராயப்பன்பட்டி மாணவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. விளையாட்டுக் கணிப்பொறியிலும் இதே நிலைதான்.

சிக்கனமாக அமைப்போர் விலைமிகுந்த கிராபிக்ஸ் அட்டையைத் தவிர்த்து, அப்பகுதியும் உள்ளடங்கிய செயலியை வாங்குவதுண்டு. 2021-இல் வெளிவந்த ரைசன் 5 5600ஜி அத்தகையது. நல்ல தேர்வே. ஆனால் படம் தீட்டும் அப்பகுதிக்குத் தனி நினைவகம் கிடையாது. பொதுவான ரேமிலிருந்தே தரவுகளைப் பெறவேண்டும். டிடிஆர்4-3200 ரேம் ஒன்று நொடிக்கு 320 கோடி முறை, முறைக்கு 8 பைட் வீதம், உச்ச அளவாக 2,560 கோடி பைட் தரும். 16 ஜிபி ரேம் ஒன்றுக்குப் பதிலாக 8 ஜிபி ரேம் இரண்டைப் பொருத்தினால் இது 5,120 கோடியாகும். கொள்ளளவு அதேதான்; மதகுகள் இரண்டாயின!

மதர்போர்டில் நான்கு ஸ்லாட்டுகள் இருப்பின், பெரும்பாலும் இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகவேண்டும். அடுத்தடுத்துச் செருகினால் இரண்டும் ஒரே வாய்க்காலில் சேர்ந்துவிடக்கூடும்.