ஓசையற்ற காரும் பின்புறக் கண்ணும்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கடலுக்குச் செல்லும் விசைப்படகுகள் பலவற்றில் ஒரு சிறு கருவி உண்டு. அது படகின் அடியிலிருந்து ஒலித் துடிப்புகளை நீருக்குள் அனுப்பும். கடல் தரையிலோ மீன் கூட்டத்திலோ பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு ஆழத்தைக் காட்டும். காரைப் பின்னோக்கிச் செலுத்தும்போது 'பீப், பீப்' என எச்சரிக்கும் பார்க்கிங் சென்சாரும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. தமிழில் இதனை உணரி என்பர்.

உணரி இல்லாத மின்சாரக் கார் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா, கூடாதா?

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாரிக்கப்படும் பயணியர் கார்களில் பின்புற உணரி இருந்தே ஆகவேண்டும் என்பது விதி. ஆகவே இக்கேள்வி பெரும்பாலும் பழைய கார் வாங்குவோருக்கே எழும். 2001இல் பெங்களூரிலிருந்து வெளிவந்த 'ரேவா', 2013இல் வந்த 'இ2ஓ' போன்ற மின்சாரக் கார்கள் இவ்விதிக்கு முற்பட்டவை. விடை காண, முதலில் உணரியின் திறமையையும் குறையையும் அறிவோம்.

எதிரொலி அளக்கும் தூரம்

மனிதச் செவி உணரும் ஒலியின் மேல் எல்லை விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள். பம்பரில் பதித்த உணரி எழுப்பும் ஒலி 40,000 அதிர்வுகள் அல்லது அதற்கும் மேற்பட்டது. எனவே அது நமக்குக் கேட்பதில்லை. நாம் கேட்கும் 'பீப்' ஓசை, காருக்குள் இருக்கும் ஒலிபெருக்கி தருவது.

சென்னையின் வெப்பநிலையில் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர். காருக்குப் பின்னால் 1.4 மீட்டர் தொலைவில் ஒரு சுவர் இருப்பதாகக் கொள்வோம். ஒலி போய்த் திரும்பும் தூரம் 2.8 மீட்டர். அதற்காகும் நேரம் 2.8 ÷ 350, அதாவது விநாடியில் ஆயிரத்தில் 8 பங்கு. இந்நேரத்தை மின்னணுச் சுற்று அளந்து, தூரமாக மாற்றிக்கொள்கிறது.

உணரிக்குத் தெரியாதவை

இவ்வொலியின் அலைநீளம் சுமார் 9 மில்லிமீட்டர். அதைவிட மெலிந்த கம்பியும் கயிறும் மிகக் குறைந்த எதிரொலியையே தரும். துணியும் பஞ்சும் ஒலியை விழுங்கிவிடும். சாய்வான பரப்பு ஒலியை வேறு திசையில் திருப்பிவிடும். மிக அருகிலுள்ள பொருளும் சிக்கலானதே. ஒலி எழுப்பிய தகடு அதிர்ந்து அடங்குவதற்குள் எதிரொலி வந்துவிடுவதால், உணரி அதனைப் பிரித்தறிய இயலாது.

வடசென்னைக்கே உரிய இடையூறுகளும் உள்ளன. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். அவற்றின் காற்று பிரேக் 'புஸ்' என்று காற்றை விடும்போது, நாம் கேட்கும் ஓசையோடு செவியுணரா ஒலியும் கலந்து வெளிவருகிறது. அருகிலுள்ள காரின் உணரி அதனை எதிரொலி என மயங்கக்கூடும். மேலும், கடற்காற்றின் உப்பும் நிலக்கரித் தூசும் உணரியின் முகத்தில் படிந்தால் அதன் திறன் குறையும். ஈரத் துணியால் அடிக்கடி துடைப்பது நல்லது.

மின்சாரக் காரில் ஏன் கூடுதல் கவனம்?

பெட்ரோல் கார் பின்னோக்கி வரும்போது எஞ்சினின் உறுமலே தெருவுக்கு எச்சரிக்கை. மின்மோட்டாருக்கு அந்த உறுமல் இல்லை. வேகம் மிகுந்தால் டயரின் ஓசை கேட்கும். மெல்ல ஊரும்போது அதுவும் இராது. ஓட்டுநருக்குப் பின்னால் இருப்பவர் தெரியவில்லை. பின்னால் இருப்பவருக்குக் கார் வருவது தெரியவில்லை. இரு பக்கத்து எச்சரிக்கையும் ஒரே நேரத்தில் அற்றுப்போகிறது.

இது வெறும் அச்சமன்று. 2021 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனையாகும் புதிய மின்சாரக் கார்கள் அனைத்தும், மணிக்கு 20 கி.மீ. வேகம் வரையிலும், பின்னோக்கிச் செல்லும்போதும், செயற்கையாக ஒலி எழுப்பியே ஆகவேண்டும். பார்வையற்றோர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை எண்ணி எழுந்த விதி இது.

கண்ணுக்கு மறைவது எவ்வளவு?

ஓர் எளிய கணக்குப் போடுவோம். ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 120 செ.மீ. உயரத்தில் உள்ளது. அங்கிருந்து 220 செ.மீ. பின்னால் உள்ள பின்கண்ணாடியின் கீழ்விளிம்பு 100 செ.மீ. உயரத்தில் உள்ளது. பம்பர் கண்ணிலிருந்து 270 செ.மீ. தள்ளி உள்ளது. பார்வைக்கோடு 220 செ.மீ. தூரத்தில் 20 செ.மீ. இறங்குகிறது. அப்படியானால் அது 80 செ.மீ. உயரத்துக்கு இறங்க 440 செ.மீ. செல்லவேண்டும். ஆகவே 80 செ.மீ. உயரமுள்ள குழந்தை ஒன்று பம்பரிலிருந்து 170 செ.மீ. தொலைவுக்குள் நின்றால், பின்கண்ணாடி வழியே அதன் உச்சந்தலைகூடத் தெரியாது! உட்கார்ந்து கோலிக்குண்டு பொறுக்கும் சிறுவனுக்கு இம்மறைவு இன்னும் நீளும்.

வாசற்படி நேரே தெருவில் இறங்கும் இராயபுரத்துச் சந்துகளில் இந்த 170 செ.மீ. எத்தகையது என்று சொல்லவேண்டியதில்லை.

வேகத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும். மணிக்கு 5 கி.மீ. என்பது விநாடிக்கு 1.4 மீட்டர். எச்சரிக்கையைக் கேட்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகிறது என்றால், அதற்குள் கார் 1.4 மீட்டர் நகர்ந்துவிடும். ஒன்றரை மீட்டரில் எச்சரிக்கும் உணரி இருந்தும் பயன் சொற்பமே. மணிக்கு 2 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால், அதே ஒரு விநாடியில் நகர்வது சுமார் 55 செ.மீ. மட்டுமே. உணரி பயன்பட வேண்டுமானால் கால் நிதானமாக இருக்கவேண்டும். நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையைத் தரவல்ல மின்மோட்டாருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

வாங்கும்முன் செய்யவேண்டியது

காரைத் திறந்த வெளியில் நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையில் அமருங்கள். நண்பர் ஒருவர் 80 செ.மீ. உயரக் குச்சியுடன் பம்பரிலிருந்து மெல்லப் பின்வாங்கட்டும். குச்சியின் நுனி தெரியத் தொடங்கும் இடத்தில் சாக்கட்டியால் கோடிடுங்கள். அக்காரின் மறைவெளி இதுவே. பக்கக் கண்ணாடிகளுக்கும் இவ்வாறே செய்து பாருங்கள்.

உணரியைப் பின்னர் பொருத்திக்கொள்ளலாம். பம்பரில் துளையிட்டு, ரிவர்ஸ் விளக்கின் இணைப்பிலிருந்து மின்சாரம் எடுப்பது வழக்கம். அது 12 வோல்ட் சுற்று. காரை இயக்கும் உயர் மின்னழுத்தக் கம்பிகள் வேறு. இன்றைய மின்சாரக் கார்களில் அவை ஆரஞ்சு நிற உறையில் இருக்கும். அவற்றைத் தொடவே கூடாது. பழைய கார்களில் நிறத்தை நம்பாமல், மின்சாரக் கார் அறிந்த மெக்கானிக்கிடம் இவ்வேலையை விடுங்கள். உணரியோடு கேமராவும் இருந்தால் மெலிந்த கம்பியும் தெரியும்.

ஆகவே, உணரி இல்லை என்பதற்காக மட்டும் நல்ல காரை ஒதுக்கவேண்டியதில்லை. அதைப் பொருத்தும் செலவையும் விலையோடு சேர்த்துப் பேசுங்கள். பொருத்தியபின் அதனை மட்டுமே நம்பிவிடவும் கூடாது. துறைமுக வாயிலில் கன்டெய்னர் லாரி பின்வாங்கும்போது கிளீனர் இறங்கி நின்று, வண்டியைத் தட்டிக் குரல் கொடுப்பதை நாம் காண்கிறோம். ஓசையற்ற காருக்கும் அப்படி ஒருவர், ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி நிற்கட்டும். ஆள் இல்லாதபோது, காரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு ஏறுங்கள். அதற்கு அரை நிமிடம் போதும்.