ஹீட்டர் சொட்டுகிறதா? அவசரப்பட்டு அடைக்காதீர்கள்!

காஜாங்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மாடிக் குளியலறையில் ஹீட்டருக்குக் கீழே ஒரு காலி மைலோ டின். மேலே நீட்டிக்கொண்டிருந்த சிறு குழாயிலிருந்து அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"ஹீட்டர் போட்டு நாலு வருஷமாச்சு. ஒரு சொட்டு விழுந்ததில்லை. ஷவர்ல தண்ணி வேகமா வரட்டும்னு பம்ப் வச்சோம். அன்னைக்கு ஆரம்பிச்ச தொல்லை இது" என்றார் அக்கா. அத்தானோ ஒரு மரக்குச்சியைச் சீவி, அந்தக் குழாயை அடைக்கத் தயாராக இருந்தார்.

"வேண்டாம் அத்தான், அதுதான் ஹீட்டர் மூச்சு விடுற வழி" என்று தடுத்தேன்.

விரியும் தண்ணீர் எங்கே போகும்?

சூடானால் தண்ணீர் விரியும். நம் ஊர்க் குழாயில் 28 பாகை செல்சியஸில் வரும் தண்ணீரை 60 பாகைக்குச் சூடேற்றினால், அதன் அளவு ஏறக்குறைய 1.3 விழுக்காடு கூடும். 30 லிட்டர் தொட்டியில் அது சுமார் 400 மில்லிலிட்டர், அதாவது இரண்டு டம்ளர். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது என்பதால், அந்த இரண்டு டம்ளருக்கும் ஒரு வழி வேண்டும்.

டெரஸ் வீடுகளில் கூரைத் தொட்டியிலிருந்து ஹீட்டருக்குத் தண்ணீர் தானாக இறங்கும். இடையில் தடுப்பு ஏதும் இல்லையென்றால், சூட்டில் விரியும் தண்ணீர் குளிர்நீரை வந்த வழியே மேலே தள்ளிவிடும். நமக்குத் தெரியவே தெரியாது. அக்கா வீட்டில் நாலு வருஷமாக நடந்தது இதுதான்.

பம்ப் வந்ததும் நிலைமை மாறியது. பம்புடன் தண்ணீரைப் பின்னால் போகவிடாத ஒருவழி வால்வும் வந்தது. பழைய பாதை மூடிக்கொண்டதால், தொட்டிக்குள் அழுத்தம் ஏறி, பாதுகாப்பு வால்வு திறந்து சொட்டத் தொடங்கியது. சில ஹீட்டர்களின் பாதுகாப்பு வால்விலேயே ஒருவழித் தடுப்பு இருக்கும். அவை முதல் நாளிலிருந்தே சொட்டும். அதுவும் இயல்புதான்.

ஒரு போத்தல் போதும்

சொட்டுவது இயல்பா, கோளாறா என்று அறிய, குழாயின் கீழ் ஒரு காலி போத்தலை வைத்துக் கவனியுங்கள்.

சூடாகும்போது மட்டும் சொட்டி, பிறகு நின்றுவிடுகிறதா? அளவும் மேலே சொன்ன கணக்குக்குள் இருக்கிறதா? பயமில்லை. குழாயைத் தரையின் வடிகால்வரை நீட்டிவிட்டால் போதும்.

சுவிட்சை அணைத்து, தண்ணீர் ஆறிய பிறகும் சொட்டுகிறதா? அப்படியானால் விரிவு காரணமல்ல. வால்வின் இருக்கையில் மண்ணோ உப்புப் படிவமோ சிக்கியிருக்கலாம். அல்லது வரும் தண்ணீரின் அழுத்தம் அதிகமாக இருக்கலாம். 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்கு 1 பார் அழுத்தம்தான். 3 மீட்டர் உயரத்தில் உள்ள கூரைத் தொட்டி தருவது 0.3 பார். பம்ப் இதைப் பல மடங்கு கூட்டிவிடும். உரிமம் பெற்ற பிளம்பரிடம் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள்.

கொதிநீர் கொட்டுகிறதா? ஆவி வருகிறதா? தெர்மோஸ்டாட் சூட்டை நிறுத்தத் தவறியிருக்கலாம். உடனே மின்சாரத்தை அணைத்துவிட்டு, தகுதி பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். அவர் பார்க்கும்வரை ஹீட்டரைப் போடாதீர்கள்.

திறந்த குழாய் உள்ள வீடுகள்

சில வீடுகளில் வெந்நீர்த் தொட்டியிலிருந்து ஒரு குழாய் மேலெழும்பி, கூரைத் தொட்டியின் மேல் திறந்தபடி வளைந்திருக்கும். இங்கே சொட்டு ஹீட்டரில் தெரியாது, கூரைத் தொட்டியின் வழிவுக் குழாயில்தான் தெரியும்.

ஹீட்டர் ஓடும்போது மட்டும் வழிந்தால், மிதவைப் பந்து அதிக உயரத்தில் இருக்கிறது. விரியும் தண்ணீருக்கு இடம் இல்லை. பந்தைச் சற்று இறக்கி வைத்தால் சரியாகிவிடும். எந்நேரமும் வழிந்தால் மிதவை வால்வு தேய்ந்திருக்கலாம். கூரைத் தொட்டித் தண்ணீரே வெதுவெதுப்பாக இருந்தால் அலட்சியம் வேண்டாம். வெந்நீர் திறந்த குழாய் வழியே மேலே கொட்டுகிறது என்று பொருள். முதலில் தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க வேண்டும்.

அடைத்தால் என்ன ஆகும்?

மூடிய தொட்டியில் அழுத்தம் ஏறினால், 100 பாகையைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கும். தொட்டி வெடித்து அந்த அழுத்தம் விலகும் நொடியில், தண்ணீரின் ஒரு பகுதி சட்டென ஆவியாகும். ஆவியானால் தண்ணீரின் பருமன் 1,600 மடங்குக்கு மேல் பெருகும். சுவரே பெயர்ந்து போக அது போதும். தெர்மோஸ்டாட் பழுதாகும் நாளில் நம்மைக் காப்பது அந்தச் சிறு குழாய்தான். அதில் மூடியோ குச்சியோ துணியோ இருக்கவே கூடாது.

அக்கா வீட்டில் போத்தல் வைத்துப் பார்த்தோம். காலையில் ஒன்றரை டம்ளர் சேர்ந்திருந்தது. தண்ணீர் சூடானதும் சொட்டு நின்றுபோனது. பிளம்பர் வந்து அழுத்தத்தை அளந்தார், சரியாகவே இருந்தது. குழாயை வடிகால்வரை நீட்டிவிட்டுப் போனார். மைலோ டின் குப்பைக்குப் போனது.

அத்தான் சீவிய குச்சி வீணாகவில்லை. காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும் பின்கதவுக்கு இப்போது அதுதான் முட்டு.