லேசர் கண் சிகிச்சை: கண்ணாடியைக் கழற்றும் முன் அறிய வேண்டியவை

"பெண்ணுக்குக் கண்ணாடி இருக்கிறது. சம்பந்தம் பேசும் இடத்தில் தயங்குகிறார்கள். லேசர் செய்துவிடலாமா? மார்க்கத்தில் இது கூடுமா?"

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் நம்மிடம் இப்போது அடிக்கடி வரும் கேள்வி இது. உண்மையில் இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்தச் சிகிச்சை ஆகுமானதா என்பது ஒன்று. இந்தப் பிள்ளையின் கண்ணுக்கு இது ஏற்றதா என்பது இன்னொன்று. நம் குடும்பங்கள் முதல் கேள்வியைக் கேட்கின்றன. இரண்டாவதைக் கேட்காமலேயே தேதி குறித்துவிடுகின்றன. எனவே இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

குறை எங்கே இருக்கிறது?

பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால்தான் நாம் பார்க்கிறோம். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைஸம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தம் 'கிதாபுல் மனாழிர்' நூலில் இதை நிறுவினார். கண்ணிலிருந்துதான் ஒளி புறப்படுகிறது என்ற பழைய கருத்தை அவர் மறுத்தார்.

உள்ளே வரும் ஒளியை வளைத்து விழித்திரையில் குவிக்கும் வேலையில் பெரும்பங்கு, கண்ணின் முன்புறம் கைக்கடிகாரத்தின் கண்ணாடி போல அமைந்த தெளிவான படலத்துடையது. இதுவே கார்னியா. கண் சற்று நீண்டிருந்தாலோ, கார்னியாவின் வளைவு அதிகமாக இருந்தாலோ, ஒளி விழித்திரைக்கு முன்பே குவிந்துவிடும். தூரத்திலுள்ளவை மங்கலாகத் தெரியும். இது கிட்டப்பார்வை. கார்னியா எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வளையாமல், ஒரு பக்கம் கூடுதலாக வளைந்திருந்தால் எழுத்துகள் நிழலடித்துத் தெரியும். கண்ணாடிச் சீட்டில் 'சிலிண்டர்' என்று எழுதப்படும் பவர் இந்தக் குறைக்கானது.

லேசர் என்ன செய்கிறது?

இந்தச் சிகிச்சையின் வேரில் நம் மாநிலத்தவர் ஒருவர் இருக்கிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன் அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பணியாற்றினார். 1981 நவம்பரில், விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியின் மீது எக்சைமர் லேசரைச் செலுத்திப் பார்த்தார். சுற்றியுள்ள பகுதி கருகாமல், விழுந்த இடம் மட்டும் துல்லியமாகச் சீவப்பட்டிருந்தது. அவரும் உடன் பணியாற்றிய ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் இருவரும் கண்டறிந்த இந்த வழியைக் கண் மருத்துவர்கள் கார்னியாவுக்குக் கொண்டுவந்தார்கள்.

இன்று மூன்று முறைகள் வழக்கில் உள்ளன. பி.ஆர்.கே. முறையில் கார்னியாவின் மேல்தோலை அகற்றிவிட்டு லேசர் செலுத்துவார்கள். வலியும், குணமாகும் நாட்களும் இதில் அதிகம். லாசிக் முறையில் மெல்லிய ஏடு ஒன்றைப் புத்தகப் பக்கம் போலத் திறந்து, அடியில் லேசர் செலுத்தி, ஏட்டைத் திரும்ப மூடுவார்கள். ஸ்மைல் முறையில் கார்னியாவுக்குள்ளேயே வில்லை போன்ற ஒரு துண்டை உருவாக்கி, சிறு துளை வழியே எடுத்துவிடுவார்கள்.

மூன்றிலும் நடப்பது ஒன்றே: கார்னியாவிலிருந்து சிறிது திசு நிரந்தரமாக எடுக்கப்படுகிறது. எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. முடிவெடுக்கும் முன் மனதில் நிறுத்த வேண்டியது இதைத்தான்.

அளவே முடிவு செய்யும்

கார்னியாவின் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். லாசிக்கில் ஒரு பவரைக் குறைக்கச் சுமார் 12 முதல் 15 மைக்ரான் வரை சீவ வேண்டும். 1,000 மைக்ரான் ஒரு மில்லிமீட்டர். ஏட்டுக்கு ஏறத்தாழ 110 மைக்ரான் போகும். அதன்பின் அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும். அதற்கும் மேல் மிஞ்சுவதையே பல மருத்துவர்கள் விரும்புகிறார்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். பவருக்கு 14 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். கார்னியா 540 மைக்ரான், பவர் 6 என்றால், ஏட்டுக்கு 110, சீவலுக்கு 84 போக 346 மிஞ்சும். கார்னியா 480, பவர் 8 என்றால், 110, 112 போக 258தான் மிஞ்சும். எல்லையின் விளிம்பு அது. ஒருவருக்கு நன்றாக முடிந்த சிகிச்சை, அவருடைய சொந்தத் தங்கைக்கே ஆகாமல் போகலாம்.

கனம் மட்டும் போதாது, வடிவமும் பார்க்க வேண்டும். சிலருக்குக் கார்னியா மெலிந்து கூம்பு போலப் புடைத்துக்கொண்டே வரும். இதைக் கெரட்டோகோனஸ் என்பார்கள். சிலிண்டர் பவர் ஏறிக்கொண்டே போவதும், கண்ணைக் கசக்கும் பழக்கமும் இதில் கவனிக்க வேண்டியவை. அந்தக் கண்ணில் லாசிக் செய்தால் பார்வை மேலும் கெடும். டோபோகிராஃபி எனும் கார்னியா வரைபடப் பரிசோதனையே இதைக் காட்டும். அந்தப் பரிசோதனை இல்லாமல் எங்கும் சம்மதிக்காதீர்கள்.

18 வயது நிறையாதவர்கள், கடந்த ஓராண்டில் பவர் மாறியவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கடுமையான கண் வறட்சி உள்ளவர்கள் பொறுத்திருக்க வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள், மருத்துவர் சொல்லும் நாட்களுக்கு முன்பே அதை நிறுத்திவிட்டுத்தான் பரிசோதனைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் அளவு பிழைக்கும்.

தொழிலையும் பாருங்கள்

சிகிச்சைக்குப் பின் சில மாதங்கள் கண் வறட்சியும், இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டமும் கூசலும் இருக்கலாம். சிலருக்கு அது நீடிக்கவும் செய்யும். நாமக்கல், சங்ககிரிப் பக்கம் இரவெல்லாம் லாரி ஓட்டும் சகோதரர்கள் இதை மருத்துவரிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும். விசைத்தறியிலும் ஜவ்வரிசி ஆலையிலும் கோழிப்பண்ணையிலும் வேலை செய்பவர்கள், தூசியிலிருந்து ஒதுங்கி ஓய்வெடுக்க நாட்களை ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

அரசு வேலைக்கு முயலும் பிள்ளைகள் தேர்வு அறிவிப்பைப் படித்த பின்பே முடிவெடுக்கட்டும். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் பணிக்கு லாசிக் செய்தவர்களை எடுப்பதில்லை. வேலைக்காகச் செய்த சிகிச்சையே வேலையைத் தடுத்துவிடக் கூடாது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதை ஷைத்தானின் தூண்டுதல் என அந்நிஸா அத்தியாயத்தின் 119-ஆம் வசனம் எச்சரிக்கிறது. அழகுக்காகப் பல்லில் இடைவெளி ஏற்படுத்திக்கொள்வதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததும் ஸஹீஹான ஹதீஸில் உள்ளது. ஆனால் குறையை நீக்குவது வேறு. குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியால் மூக்கு செய்துகொண்டார்கள். அதில் துர்நாற்றம் வரவே, தங்கத்தால் செய்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஆண்களுக்குத் தங்கம் தடை என்றிருந்தும் இந்த அனுமதி! 2007-ல் மலேசியாவின் புத்ராஜயாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமியும், உறுப்பின் இயல்பான வடிவத்தையும் செயல்பாட்டையும் மீட்கும் சிகிச்சையை ஆகுமானது என்றே முடிவு செய்தது.

கிட்டப்பார்வை பார்வையின் குறைதான். எனவே லேசர் சிகிச்சை ஆகும். ஆனால் தீங்கு நன்மையை மிஞ்சக் கூடாது என்பது ஷரீஅத்தின் நிபந்தனை. கார்னியா மெலிந்தவருக்கு மருத்துவர் வேண்டாம் என்ற பிறகும் வேறு இடம் தேடி ஓடுவது இந்த நிபந்தனையை மீறுவதாகும்.

வுளூவில் கண்ணின் உட்புறத்தைக் கழுவுவது கடமையே இல்லை. நீர் படக் கூடாது என்று மருத்துவர் சொன்ன நாட்களில், முகத்தின் மற்ற பகுதியைக் கவனமாகக் கழுவிவிட்டு, இமையின் மீது ஈரக்கையால் தடவலாம். அதுவும் ஆகாது என்றால், ஷாஃபிஈ மத்ஹபினர் கழுவாத இடத்துக்காகத் தயம்மும் செய்துகொள்வார்கள். ஸஜ்தாவுக்குத் தடை சொல்லப்பட்டால், அந்த நாட்களில் சைகையால் தொழலாம். கண் சொட்டு மருந்தால் நோன்பு முறியாது என்பதே ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் நிலை. மருத்துவர் அனுமதிக்கும் வரை சுர்மாவைத் தொடக் கூடாது.

நிக்காஹ்வும் கண்ணாடியும்

சம்பந்தம் பேசுவோருக்கும் ஒரு வார்த்தை. லேசர் செய்த பின்னும் அது கிட்டப்பார்வைக் கண்தான். கண்ணாடி போகும், நீண்ட கண் நீண்டபடியே இருக்கும். அதிக பவர் இருந்தவர்கள் விழித்திரைப் பரிசோதனையைத் தொடர வேண்டும். நாற்பதைத் தாண்டினால் படிக்கக் கண்ணாடி வரவும் செய்யும். ஆகவே முன்பு பவர் இருந்ததா என்று கேட்டால் மறைக்கக் கூடாது, அது ஏமாற்று. கண்ணாடி அணிந்த பெண்ணைத் தட்டிக்கழிப்போர், மார்க்கப்பற்றுள்ள பெண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன நபிமொழியை நினைத்துப் பார்க்கட்டும்.

செலவையும் எண்ணுங்கள். நம் நாட்டு மருத்துவக் காப்பீட்டு விதிகளின்படி, 7.5 டையாப்டருக்குக் குறைந்த பவருக்கான சிகிச்சைக்குக் காப்பீட்டில் பணம் கேட்க முடியாது. கைப்பணம் இல்லையென்று வட்டிக் கடனில் இறங்காதீர்கள். சில நூறு ரூபாய்க் கண்ணாடி அதே பார்வையைத் தருகிறபோது, வட்டிக்கு இங்கே நிர்ப்பந்தம் எதுவும் இல்லை.

மருத்துவமனைக்குப் போகும் நாளில் மூன்று கேள்விகளைக் கையில் கொண்டு போங்கள். என் கார்னியாவின் கனம் எவ்வளவு? வரைபடத்தில் வடிவம் சரியாக இருக்கிறதா? சிகிச்சைக்குப் பின் எவ்வளவு மிஞ்சும்? பிறகு அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள்: "உனக்கு இது வேண்டுமா?" கண் அவளுக்கு அல்லாஹ் கொடுத்த அமானிதம். அதைப் பற்றிய முடிவில் முதல் வார்த்தை அவளுடையதாக இருக்கட்டும்.

அல்லாஹ் நம் பார்வையையும் ஈமானையும் பாதுகாப்பானாக! ஆமீன்.