மெலிந்தவரும் இடுப்பை அளக்க வேண்டும்!

2020 மார்ச் இறுதியில் கொரோனா ஊரடங்கு வந்தபோது நம் அன்றாட வாழ்வே தடம் மாறியது. உத்திரமேரூர் வட்டத்துக் காவாந்தண்டலம் போன்ற சிற்றூர்களில் வயல் வேலைக்குத் தடை இல்லை. ஆயினும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகள் மூடப்பட்டதால் வெளியே உழைத்து வந்த பலர் வீட்டில் முடங்கினர். அவ்வாண்டு ரமளானும் இல்லங்களுக்குள்ளேயே கழிந்தது. பள்ளிவாசலுக்கு நடந்து செல்வது நின்றது. நோன்பு துறந்தபின் உண்ணும் வடையும் சமோசாவும் மட்டும் நிற்கவில்லை! உழைப்புக் குறைந்து உணவு குறையாதபோது எடை கூடுவது இயற்கைதானே?

"பருமனானவர்களுக்குத்தானே இந்தக் கவலை?" என்று மெலிந்தவர்கள் எண்ணுகின்றனர். இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். 2004-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில், புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் தம் உடல்களையே எடுத்துக்காட்டாக வைத்தனர். உயரத்தோடு எடையை ஒப்பிடும் குறியீடு இருவருக்கும் 22.3 தான். ஆனால் உடற்கொழுப்போ, யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு!

பார்வைக்கு மெலிந்திருந்தும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பைச் சேர்ப்பது இந்தியர் பலரின் உடல்வாகு. எனவே ஒல்லியானவருக்குக் கூடிய 5 கிலோவும் நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வழிதிறக்கக் கூடும்.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களுள் மிகை எடையுள்ளோர் 2015-16-இல் 30.9 விழுக்காடு, 2019-21-இல் 40.4 விழுக்காடு. ஆண்களுள் 28.2 என்பது 37.0 ஆயிற்று. பிந்திய ஆய்வின் ஒரு பகுதி ஊரடங்குக்கு முன்பே நடந்தது. ஆகவே கொரோனாவை மட்டும் குறைகூறிப் பயனில்லை.

என்ன செய்யலாம்? தையற்காரரின் அளவு நாடா ஒன்று போதும். மூச்சை இயல்பாக வெளிவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றி அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரை எட்டினால் எச்சரிக்கை கொள்க! அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் இலவசமாகவே பரிசோதிக்கலாம்.

சகோதர, சகோதரியரே! பருத்தவரைக் கேலி செய்வதால் ஒரு கிராமும் குறையாது, மெலிந்தவரை "உனக்கென்ன?" என்று புகழ்வதால் நோய் விலகாது. வீட்டார் அனைவரையும் ஒரே நாடாவால் அளந்து, எண்ணெய்ப் பண்டங்களைக் குறைத்து, மாலையில் சேர்ந்து நடக்கத் தொடங்குங்கள். இன்றே தொடங்கலாம் அல்லவா?